கிழிசல் நிற்கும் இடம்

சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்தில் இறங்கிக் கைப்பேசியை உயிர்ப்பித்ததும் முதல் செய்தி நாகப்பட்டினத்து அச்சகத்திலிருந்து வந்தது. "கையேடு ரெடி மேடம். திங்கக்கிழமை மெஷின்ல ஏத்துறோம். திருத்தம் இருந்தா அதுக்குள்ள சொல்லுங்க." திருத்தம் எதுவும் இருக்காது என்றே அன்று நம்பினேன்.

நிலவியலில் முதுகலை முடித்தபின் மூன்றாண்டுகளாக ஒரு சிறிய தன்னார்வக் குழுவில் வேலை செய்கிறேன். நாகப்பட்டினத்துக்குத் தெற்கே ஒரு மீனவர் குப்பம்தான் எங்கள் களம். கடல் பொங்கும் அபாயம் வந்தால் எப்போது கரையை விட்டு விலக வேண்டும் என்று சொல்வதற்காக அந்தக் கையேட்டை நான் எழுதியிருந்தேன். அதன் நான்காம் பக்கத்தில் ஒரு விதி உண்டு. கடலுக்கு அப்பால் நிலநடுக்கம் என்று செய்தி வந்தால் அளவைப் பாருங்கள்; எட்டுக்குக் கீழே என்றால் வேலையைத் தொடருங்கள்; எட்டோ அதற்கு மேலோ என்றால் சாலைக்கு அப்பால் மேட்டில் இருக்கும் பள்ளிக்கூடத்துக்குப் போங்கள்.

அந்த எட்டு நான் கொடுத்த எண். அதற்கு முன் இரண்டு முறை சிறிய நடுக்கங்களுக்காக ஊரே ஓடியது. கடல் வரவில்லை. பிடித்த மீன் வெயிலில் கெட்டது. "ஒவ்வொரு தடவையும் ஓட முடியாதும்மா. ஒரே ஒரு நம்பர் சொல்லு, அதைப் பிடிச்சுக்கறோம்" என்று ஊர்ப் பஞ்சாயத்தார் கேட்டார்கள். நானும் சொன்னேன். அவர்கள் கூட்டம் கூட்டித் தீர்மானம் போட்டு, மீன் ஏலக் கொட்டகைப் பலகையில் நீலச் சாயத்தால் எழுதியும் வைத்துவிட்டார்கள். புவித்தட்டுகளின் எல்லைகளில் பெரும் நிலநடுக்கத்தின்போது முறிவு எப்படிப் பரவுகிறது என்பது பற்றி இரண்டு நாள் பட்டறை சிங்கப்பூரில் நடக்கிறது, வரலாம் என்று அழைப்பு வந்தபோது, அந்த எண்ணுக்கு இன்னும் நல்ல ஆதாரம் கிடைக்கும் என்ற எண்ணத்தில்தான் புறப்பட்டேன்.

எனக்குத் தங்க இடம் கொடுத்தவர் வசந்தா அக்கா. எங்கள் குழு நண்பர் ஒருவருக்கு உறவு. மூன்று தலைமுறையாகச் சிங்கப்பூர்க்காரர். சாங்கி விமான நிலையத்தின் சரக்குப் பிரிவில் வேலை. வேலை முடிந்து சீருடையோடே வந்து என்னை அழைத்துக்கொண்டார்.

"பெட்டி இவ்ளோதானா? தமிழ்நாட்டுலேர்ந்து வர்றவங்க வீட்டையே கட்டிட்டு வருவாங்க" என்றார்.

"நாலே நாள்தானே அக்கா."

"நாலு நாளைக்குத்தான் லா சொல்றேன்." அந்த "லா" சிங்கப்பூர்ப் பேச்சில் வாக்கியத்துக்கு ஒட்டும் ஓர் அசை.

தோ பாயோவில் அவர் வீடு பதினெட்டாம் மாடியில். சன்னல் வழியே பார்த்தால் அடுக்குமாடிகள், அவற்றுக்கிடையே மழைமரங்கள், ஒரு கோவில் கோபுரத்தின் உச்சி. எங்கள் ஊரில் உயரமான கட்டடம் என்றால் கலங்கரை விளக்கம்; அதன்மேல் யாரும் குடியிருப்பதில்லை. அன்று இரவுச் சாப்பாட்டுக்குக் கோப்பிக்கடையிலிருந்து மீ கோரெங் என்னும் வறுத்த நூடுல்ஸ் கட்டி வாங்கி வந்திருந்தார். இனிப்பும் காரமும் ஒரே வாயில் வருவது எனக்குப் பழக இரண்டு கவளம் ஆனது. மூன்றாம் கவளத்தில் பிடித்துவிட்டது.

வியாழக்கிழமை காலை, வழித்தட வரைபடத்தில் எளிதாகத் தெரிந்த பேருந்துப் பயணத்தை நான் கெடுத்துக்கொண்டேன். சரியான எண், தவறான திசை. ஓட்டுநரான சீன முதியவர் கண்ணாடியில் என்னையே இரண்டு நிறுத்தங்களாகப் பார்த்திருக்க வேண்டும். எல்லோரும் இறங்கியபின், "இதற்கு மேல் பேருந்து போகாது, நான் டீ குடிக்கப் போகிறேன்" என்று ஆங்கிலத்தில் சொன்னார். எதிர்ப்பக்கம் போய் ஏறச் சொல்லிக் கையால் காட்டவும் செய்தார். முக்கால் மணி நேரம் தாமதமாகப் பட்டறைக்குள் நுழைந்தேன்.

மேடையில் பேசிக்கொண்டிருந்த ஆய்வாளர் என்னைவிட இளையவர். சுகன்யா என்று பெயர். சிங்கப்பூரில் பிறந்த தமிழ்ப் பெண். இடைவேளையில் நான் தமிழ் என்று அறிந்ததும் தட்டோடு என் மேசைக்கு வந்து அமர்ந்தார்.

"சாரி, என் தமிழ் ஸ்கூல் தமிழ். சிரிக்காதீங்க. எங்க புரியலைன்னு சொல்லுங்க, நான் ட்ரை பண்றேன்."

அவர் சொன்னதை என் மொழியில் எழுதுகிறேன். சுமத்ராவின் மேற்குக் கரையை ஒட்டி ஒரு புவித்தட்டு இன்னொன்றின் அடியில் நுழைகிறது. நுழையும் இடம் வழுக்கிக்கொண்டு போவதில்லை. பல நூறு கிலோமீட்டர் நீளத்துக்கு ஆங்காங்கே பூட்டிக்கொண்டு நிற்கிறது. நூற்றாண்டுக் கணக்கில் இழுவிசை ஏறுகிறது. ஒரு நாள் ஒரு புள்ளியில் பிடி விடுகிறது. அந்தப் புள்ளி விட்ட சுமை பக்கத்துப் பகுதியின் மேல் விழுகிறது. அதுவும் தாங்க முடியாத நிலையில் இருந்தால் அதுவும் விடுகிறது. பிறகு அதற்கு அடுத்தது. நொடிக்கு இரண்டு மூன்று கிலோமீட்டர் வேகத்தில் முறிவு ஓடுகிறது. முன்பே இளகிய ஒரு பகுதியோ, தட்டு வளையும் ஓர் இடமோ குறுக்கிட்டால் நின்றுவிடக்கூடும். நிற்காவிட்டால் தொடரும். 2004இல் சுமத்ராவின் வடமுனையருகே தொடங்கிய முறிவு, நிக்கோபாரையும் அந்தமானையும் ஒட்டி ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் வடக்கே ஓடியது. ஓடி முடிக்கப் பத்து நிமிடம்போல் ஆனது.

"பேக் ஜிப் மாதிரி நெனச்சுக்கோங்க. ஆனா எங்க நிக்கும்னு ஜிப்புக்கே தெரியாது" என்றார் சுகன்யா.

"தொடங்கும்போதே இது பெரிதாகப் போகும் என்று கண்டுபிடிக்க முடியாதா?"

"அதுதான் பெரிய சண்டை. முடியும்னு கொஞ்ச பேரு சொல்றாங்க. நெறைய பேரு, சின்னதும் பெருசும் ஒரே மாதிரிதான் ஸ்டார்ட் ஆகும்னு சொல்றாங்க. நான் அந்த டீம்."

நான் என் எட்டைப் பற்றிச் சொன்னேன். பெருமையாகத்தான் சொன்னேன் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். அவர் முட்கரண்டியைக் கீழே வைத்தார்.

"எந்த நம்பர் பார்ப்பாங்க? முதல்ல வர்ற நம்பரா?"

"ஆமாம். கைப்பேசியில் வருவது."

"அக்கா, ஃபர்ஸ்ட் நம்பர் ஃபர்ஸ்ட் நம்பர் மட்டும்தான் லா. லாங் ரப்சர்னா அது கம்மியாதான் காட்டும்."

முறிவு ஓடுவதற்குச் சில நிமிடங்கள் போதும். அது எங்கே நின்றது என்று அறிய மணிக்கணக்கில் ஆகலாம். முதலில் கிடைக்கும் வேகமான அலைகளை மட்டும் வைத்துப் போடும் கணக்கில் நீளமான முறிவு சுருங்கித் தெரிகிறது. 2004இல் முதலில் வெளிவந்த எண் எட்டை ஒட்டியே இருந்தது. பிறகுதான் ஒன்பதைத் தாண்டியது. எண்ணில் ஒன்று கூடினால் ஆற்றலில் ஏறக்குறைய முப்பது மடங்கு. எங்கள் பலகையில் நீலச் சாயத்தில் இருந்த எல்லைக்கோடு, அந்தக் கொடும் காலையில் முதல் எண் நின்ற இடத்தின் மேலேயே கிடந்தது. இன்று கருவிகள் எவ்வளவோ மேம்பட்டிருக்கின்றன என்று சுகன்யா ஆறுதல் சொன்னார். என் தட்டில் இருந்த சோற்றை நான் தொடவில்லை.

வெள்ளிக்கிழமை மாலை பஞ்சாயத்துத் தலைவர் காத்தவராயனை அழைத்தேன். விதியில் பிழை இருக்கிறது, எண்ணை எடுத்துவிட வேண்டும் என்றேன்.

"ஃபோன்ல சொன்னா எடுத்துட முடியுமா பாப்பா? ஊரு கூடிப் போட்ட தீர்மானம். நீ வா, கூட்டம் போடுறோம், பேசு. அதுவரைக்கும் எட்டுன்னா எட்டுதான்."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. வெளியூர்ப் பெண் ஒருத்தி தொலைபேசியில் சொன்னாள் என்று விதியை மாற்றும் ஊர், நாளை இன்னொருவர் சொன்னார் என்றும் மாற்றும். திங்கட்கிழமை திரும்பப் போகிறோம், இரண்டு நாள்தானே என்று அதோடு விட்டேன். பாக்கியம் அக்காவிடம்கூடச் சொல்லவில்லை. குப்பத்தில் எச்சரிக்கைப் பொறுப்பை ஏற்றிருப்பவர் அவர்தான். செய்தி வந்தால் பார்த்துச் சொல்வதும் அவர்தான். முதலில் அவரிடம் சொல்லியிருக்க வேண்டும். முறைப்படி நடக்க வேண்டும் என்ற எண்ணம் சில நேரங்களில் கோழைத்தனத்துக்கு நல்ல சட்டை தைத்துக் கொடுக்கிறது.

சனிக்கிழமை வசந்தா அக்கா ரவிக்கைத் துணி வாங்க லிட்டில் இந்தியாவுக்குக் கூட்டிப் போனார். சிராங்கூன் சாலையில் மல்லிகைச் சரமும் தங்கமும் தொலைபேசி அட்டையும் ஒரே வரிசையில் விற்கிறார்கள். எங்கள் ஊர்க் கடைத்தெருவைத் துடைத்து, வரிசைப்படுத்தி, போக்குவரத்து விளக்கு வைத்ததுபோல் இருந்தது. அக்காவுக்கு மட்டும் அது வியப்பில்லை. "மழை வர்ற மாதிரி இருக்கு, சீக்கிரம் பாருங்க" என்று முன்னால் நடந்தார்.

துணிக்கடைக்காரர் ஒரு மீட்டர் அளந்து, ஓரத்தில் கத்தரியால் அரை விரல் நறுக்கினார். பிறகு இரண்டு கைகளாலும் பிடித்துச் சர்ரென்று கிழித்தார். நறுக்கு எல்லாத் துணிக்கும் ஒன்றுதான். கைக்குட்டைக்கும் அதே அரை விரல், மேசை விரிப்புக்கும் அதே அரை விரல். கிழிசல் எவ்வளவு தூரம் ஓடும் என்பது நறுக்கில் இல்லை, துணியில் இருக்கிறது. அக்கா எடுத்த பச்சைத் துணியில் கிழிசல் கனத்த கரையில் மோதி நின்றுவிட்டது. கடைக்காரர் சலித்துக்கொண்டு மறுபடி கத்தரியை எடுத்தார்.

"என்ன இப்டி மொறச்சுப் பாக்குறீங்க? நல்ல துணிதான் லா" என்றார் அக்கா.

"துணியை இல்லை அக்கா. கிழிசலை."

"தமிழ்நாட்டுப் படிச்சவங்க எல்லாம் ஒரு மாதிரிதான்" என்று அவர் கடைக்காரரிடம் சொன்னார். கடைக்காரர் தலையாட்டி ஆமோதித்தார்.

ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்கு லிட்டில் இந்தியாவில் செல்வமணி அண்ணனைச் சந்திப்பதாக இருந்தது. அவர் பாக்கியம் அக்காவின் கணவர்; இங்கே கப்பல் பட்டறையில் இரும்பு பற்றவைப்பவராக இருக்கிறார். அவர்களுடைய இரண்டு பெண்பிள்ளைகள் எழுதிய கடிதங்கள் என் பையில் இருந்தன.

பத்து மணிக்குச் சற்று முன்பு நான் சமையலறையில் கோப்பி ஆற்றிக்கொண்டிருந்தேன். தலை சுற்றியது. காலையில் சாப்பிடாததால் என்று நினைத்தேன். பிறகு கோப்பை தட்டத்தின்மேல் கிணுகிணுத்தது. கூடத்தில் தொங்கிய விளக்கு மெல்ல, மிக மெல்ல, ஊஞ்சல்போல் போய்வந்தது. மீன்தொட்டியில் நீர் ஒரு பக்கமாக ஏறி மறுபக்கம் இறங்கியது. எந்தச் சத்தமும் இல்லை. கட்டடமே மூச்சு விடுவதுபோல் இருந்தது.

"ஆடுதா?" என்று அறையிலிருந்து கேட்டார் வசந்தா அக்கா.

"ஆடுகிறது."

"இந்தோனேசியாவா இருக்கும். வாங்க, கீழ போலாம். லிஃப்ட் வேணாம், படியில வாங்க."

பதினெட்டு மாடி இறங்கினோம். அடுக்குமாடியின் தரைத்தளம் சுவரில்லாத திறந்த கூடம். அங்கே ஏற்கெனவே ஐம்பது அறுபது பேர் நின்றார்கள். கையில் பூனையோடு ஒரு மலாய்ப் பெண். பல் துலக்கும் தூரிகையோடு ஒரு சீன முதியவர். "அவர்கள் ஊரில் நடக்கிறது, என் முதுகு வலிக்கிறது" என்று அவர் யாரிடமோ சொல்லச் சிரிப்பு எழுந்தது. சதுப்புக் களிமண்மேல் நிற்கும் உயர்ந்த கட்டடங்கள் தொலைதூர நடுக்கத்துக்கு இப்படி ஆடுவது இங்கே எப்போதாவது நடப்பதுதான். அவர்களுக்கு அது ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு பேச்சு. எனக்கு இரண்டு மணி நேரக் கெடு. சுமத்ராவுக்கு அப்பால் கடல் எழுந்தால் எங்கள் கரையைத் தொட ஏறக்குறைய அவ்வளவு நேரம்தான்.

சில நிமிடங்களில் கைப்பேசியில் எண் வந்தது. ஏழு புள்ளி ஒன்று. சுமத்ராவின் மேற்கே, கடலடியில். ஆய்வு நடைபெறுகிறது, அடுத்த அறிவிப்பை எதிர்பாருங்கள் என்றது எச்சரிக்கை மையத்தின் குறிப்பு.

"ஏழுதான். சின்னது லா" என்று யாரோ சொல்ல, கூட்டம் மின்தூக்கியை நோக்கி நகர்ந்தது.

நான் பாக்கியம் அக்காவை அழைத்தேன். அங்கே மணி ஏழரை. அலைச் சத்தமும் ஏலக் குரலும் சேர்ந்து கேட்டன.

"பாத்துட்டேன் தேனு, பாத்துட்டேன். ஏழு புள்ளி ஒண்ணு. எட்டு இல்ல. பலகையில எழுதியிருக்கே!" அவர் குரலில் பாடத்தைச் சரியாக ஒப்பித்த நிறைவு இருந்தது.

"அக்கா, அந்த விதி தப்பு. நான்தான் தப்பாக எழுதினேன். இது முதல் எண். கடலடியில் கிழிசல் எங்கே நின்றது என்று இன்னும் யாருக்கும் தெரியாது. எண் ஏறலாம். ஏறாமலும் போகலாம்."

"அப்ப என்ன செய்யச் சொல்ற? ஓடச் சொல்லவா?"

ஓடச் சொல்லி, கடல் வராவிட்டால், மூன்றாம் முறையாக ஏமாந்த ஊர் நான்காம் முறை அசையாது. சொல்லாமல் விட்டு, வந்துவிட்டால்? நான் அரசின் மையம் இல்லை. பதினெட்டு மாடி இறங்கி வந்த ஒரு பெண், அவ்வளவுதான்.

"கடல் வரும் என்று சொல்லாதீர்கள். எனக்கும் தெரியாது. ஆனால் அடுத்த அறிவிப்பு வரும்வரை சனம் மேட்டில் இருந்தால் நல்லது."

"மைக்கு பூட்டுல இருக்கு. சாவி தலைவர்ட்ட. அவரு கல்யாணத்துக்குப் போயிருக்காரு. நான் ஒருத்தி நின்னு கத்துனா, கிறுக்கின்னு சொல்லிட்டு மீனைப் பாப்பாங்க. கரையில இப்ப இரநூறு பேரு இருக்கு, தேனு."

"பிள்ளைகள்?"

"வீட்ல." இணைப்பு அறுந்தது. அல்லது அவர் அறுத்தார். அதன்பின் எத்தனை முறை அழைத்தும் மணி மட்டும் அடித்தது. தலைவரின் எண் அணைக்கப்பட்டிருந்தது.

செல்வமணி அண்ணனிடம் நேரில் சொல்ல வேண்டும் என்று ரயிலுக்கு ஓடினேன். நியூட்டனில் மாறி ஒரே ஒரு நிறுத்தம் போனால் லிட்டில் இந்தியா. நான் எதிர்த்திசை ரயிலில் ஏறி ஸ்டீவன்ஸ் போய்ச் சேர்ந்தேன். வியாழக்கிழமை செய்த அதே பிழை. நடைமேடையில் ரயிலுக்கு இரண்டு நிமிடம் என்று பலகை காட்டியது. அந்த இரண்டு நிமிடத்தில் ஒரு முறிவு முந்நூறு கிலோமீட்டர் ஓடிவிடும் என்று மனம் தானாகக் கணக்குப் போட்டது. இந்தக் கணக்கால் யாருக்கும் எந்தப் பயனும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை லிட்டில் இந்தியாவில் தலைகளாகத்தான் தெரியும். தீவெங்கும் கட்டுமானத்திலும் கப்பல் பட்டறையிலும் உழைப்பவர்கள் புல்தரையில் கூடி அமர்ந்து ஊர் பேசுகிறார்கள். செல்வமணி அண்ணன் சலவை மடிப்புக் கலையாத சட்டையில் உணவகத்து வாசலில் நின்றார். அவருக்கு எதுவும் தெரிந்திருக்கவில்லை. தரையில் நின்றவர்கள் யாரும் ஆட்டத்தை உணரவில்லை.

"வாம்மா, ஏன் இப்டி வேத்திருக்கு? முதல்ல மீன் தலைக் கறி சாப்பிடு. நம்ம ஊர் ருசி இல்ல, ஆனா தலை பெருசு."

நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். விதி, முதல் எண், என் பிழை, வெள்ளிக்கிழமை தலைவரிடம் பேசியது, எடுக்கப்படாத தொலைபேசி. அவர் முகத்திலிருந்த சிரிப்பு போகச் சிறிது நேரம் பிடித்தது.

"வெள்ளிக்கிழமையே உனக்குத் தெரியுமா?"

"வியாழக்கிழமையே தெரியும் அண்ணே."

அவர் என்னைத் திட்டவில்லை. கைப்பேசியை எடுத்து மனைவியை அழைத்தார். எடுக்கவில்லை. மூத்த பெண்ணிடம் இருக்கும் பழைய கைப்பேசிக்கு அழைத்தார். அதுவும் இல்லை. உள்ளே போய் அமர்ந்ததும் பரிமாறுபவர் இலை போட்டு, தண்ணீர் தெளித்து, சோற்றை வைத்துவிட்டுப் போனார். மீன் தலை வாயைத் திறந்தபடி குழம்பில் கிடந்தது. இருவரும் அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தோம்.

"எங்க வீடு முதல் வரிசை" என்றார், எனக்குத் தெரியாததுபோல். பிறகு, "அவ ஏலத்துல நின்னா ஃபோனை எடுக்க மாட்டா. கையெல்லாம் மீனு" என்றார். சற்றுக் கழித்து அதையே மறுபடி சொன்னார்.

பதினொன்றேகாலுக்கு எண் மாறியது. ஏழு புள்ளி ஐந்து. ஏறுகிறது. எங்கள் விதிப்படி அப்போதும் வேலையைத் தொடரலாம். அண்ணன் திரையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். இன்னும் ஏறுமா என்று கேட்டார். தெரியாது என்றேன். அன்று அந்த ஒரு சொல்லைத்தான் நான் அதிகம் சொன்னேன்.

அவருடைய கைப்பேசி அதிர்ந்தது. அழைப்பில்லை, மூத்த பெண் அனுப்பிய காணொளி. முதலில் ஆடும் தரை, பிறகு ஒரு சுவர், பிறகு நான் நன்கறிந்த பள்ளிக்கூடத்துத் தாழ்வாரம். அங்கே வரிசையாக மீன் கூடைகள். பெண்கள் கும்பலாகக் குந்தியிருந்தார்கள். பெட்டியும் எடைக்கல்லுமாக வியாபாரிகள் வசவு பாடிக்கொண்டு வந்து சேர்ந்தார்கள். நடுவில் பாக்கியம் அக்கா வஞ்சிர மீன் ஒன்றை வாலில் பிடித்துத் தூக்கி ஏலம் கூவிக்கொண்டிருந்தார். இளைய பெண் அவர் இடுப்பைப் பிடித்தபடி நின்றாள்.

அண்ணன் அதை மூன்று முறை ஓட்டிப் பார்த்தார். பிறகு இலையில் கையை வைத்து, சோற்றைப் பிசையாமல், அப்படியே அழுதார். பக்கத்து மேசைக்காரர் தண்ணீர்க் குவளையை இந்தப் பக்கம் நகர்த்தி வைத்தார்.

எங்கள் கரைக்கு ஆபத்தில்லை என்ற உறுதியான அறிவிப்பு அதற்குப் பத்து நிமிடம் கழித்துத்தான் வந்தது. முறிவு தெற்கே கொஞ்ச தூரம் ஓடி நின்றுவிட்டிருந்தது. கடல் எழவில்லை.

பிற்பகலில் பாக்கியம் அக்காவே அழைத்தார். அண்ணன் கைப்பேசியின் ஒலிபெருக்கியைப் போட்டார்.

"நான் ஓடச் சொல்லலையே தேனு. ஓடச் சொன்னா ஆயிரம் கேள்வி கேப்பாங்க. என் கூடையைத் தூக்கித் தலையில வச்சுட்டு, 'இன்னைக்கு ஏலம் பள்ளிக்கூடத்துல'ன்னு நடந்தேன். நாலு பொம்பளைங்க பின்னாடி வந்தாங்க. மீனு போற பக்கம் வியாபாரி வருவான், வியாபாரி போற பக்கம் எல்லாரும் வருவாங்க. போற வழியில பிள்ளைங்களை இழுத்துட்டுப் போனேன்."

"எல்லாருமா வந்தாங்க?" என்று கேட்டார் அண்ணன்.

"வலை கட்டுற ஆம்பளைங்க வரல. ஏலத்துல அவங்களுக்கு என்ன வேலை? உன் தம்பியும்தான். மணல்ல உக்காந்து சிரிச்சுட்டு இருந்தானுவ." குரல் தணிந்தது. "இன்னொண்ணு. தலைவருக்குக் கோவம். பஞ்சாயத்துச் சொல்லாம ஏலத்தை இடம் மாத்துனது குத்தமாம். நாளைக்குக் கூட்டம்."

எங்கள் பகுதிக் கரைகளில் ஏலம் எங்கே, எப்போது என்பதைப் பஞ்சாயத்துத்தான் முடிவு செய்யும். படகு கடலுக்குப் போகாத நாளை அறிவிப்பதும் அதுதான். அந்தக் கட்டுப்பாடு இல்லாவிட்டால் வலிய வியாபாரி எளிய மீனவரை எப்போதோ விழுங்கியிருப்பார். பாக்கியம் அக்கா மீறியது வெற்றுச் சடங்கை இல்லை. அவர் அதை மீற நேர்ந்தது என் விதியால்.

திங்கட்கிழமை காலை முதல் வேலையாக அச்சகத்தை அழைத்து இயந்திரத்தை நிறுத்தச் சொன்னேன். பிறகு சாங்கிக்குப் போய், புறப்பாட்டு வாயிலுக்கு எதிரே ஓர் இருக்கையில் அமர்ந்து, குப்பத்துக் கூட்டத்தில் தொலைபேசி வழியாகக் கலந்துகொண்டேன். பெட்டிகளை உருட்டிக்கொண்டு குடும்பங்கள் கடந்தன. பாக்கியம் அக்காவின் கைப்பேசி அங்கே நடுவில் ஒரு நாற்காலிமேல் வைக்கப்பட்டிருந்தது.

"பாக்கியம் மூணு நாள் ஏலத்துல நிக்கக் கூடாதுன்னு முடிவு" என்றார் தலைவர்.

"தப்பு என்னுடையது, ஐயா. தண்டனையை எனக்குக் கொடுங்கள்."

"உன்னை எங்கேர்ந்து நிறுத்தி வைக்கிறது? நீ என்ன மீனா விக்கிற?" பலர் சிரித்தார்கள்.

நான் கிழிசலைப் பற்றிச் சொன்னேன். துணிக்கடையையும் அரை விரல் நறுக்கையும் சொன்னேன். சிரிப்பு அடங்கியது. ஒருவர் கேட்டார், "அப்ப எட்டு இல்லேன்னா எத்தனை? ஏழா?"

"எந்த எண்ணும் வேண்டாம் ஐயா. கடலடியில் பெரிய நடுக்கம் என்று செய்தி வந்தால், ஆபத்தில்லை என்று மையம் சொல்லும்வரை மேட்டில் இருப்போம். எண் வருவதற்குக் காத்திருக்க வேண்டாம்."

"வருசத்துக்கு ரெண்டு தடவை சும்மா போயி உக்காருவோமா?"

"போகலாம். சும்மா உட்கார்ந்தோம் என்று என்னைத் திட்டலாம்."

கூட்டத்தில் இரைச்சல். யார் யாரிடம் பேசுகிறார்கள் என்று புரியவில்லை. வாயிலில் என் விமானத்துக்கு வரிசை சேர்ந்துகொண்டிருந்தது. கடைசியில் தலைவரின் குரல் அருகே கேட்டது.

"நம்பரை அழிச்சுடுறோம். இனிமே செய்தி வந்தா ஏலம் மேட்டுல. மைக்கு சாவி ஒண்ணு இவகிட்டயும் இருக்கட்டும். ஆனா மூணு நாள் மூணு நாள்தான். அதை மாத்துனா நாளைக்கு ஆளாளுக்கு ஏலத்தைத் தூக்கிட்டுப் போவான்."

"சரிங்க தலைவரே" என்றார் பாக்கியம் அக்கா. அவர் குரலில் வருத்தம் இருந்ததா என்று என்னால் சொல்ல முடியவில்லை. "அந்த மூணு நாளும் நான் வலை கட்டுறவங்ககிட்டப் போயி உக்காந்துக்கறேன். என்ன சொன்னா இவங்க எந்திரிப்பாங்கன்னு பாக்கணும்."

"டீன்னு சொல்லிப் பாரு" என்றது பின்னாலிருந்து ஓர் ஆண் குரல். கூட்டம் முழுதும் சிரித்தது.

பாக்கியம் அக்காவின் சிரிப்பு அதில் இல்லை. கைப்பேசியைக் கையில் எடுத்தது கேட்டது.

"கையேட்டுல எழுதிக்க, தேனு" என்றார். "பள்ளிக்கூடத்துல டீ."